இருட்டில் பாடத் துணியாத சிறுமி

விக்டோரியா காலம் என்றாலே நம் கண்ணில் வருவது லேஸ் வைத்த கவுனும், பீங்கான் தேநீர்க் கோப்பையும், கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் அரச குடும்பமும்தான். அந்தப் படம் 1848இல் ஒரு லண்டன் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்து வசதியுள்ள வீடுகளிலெல்லாம் மரம் வைக்கும் பழக்கம் பரவியது.

எனக்கு பிரிட்டிஷ் அரசி விக்டோரியாவின் அந்த 63 ஆண்டு ஆட்சியை நினைத்தால் ஒரு மரக்கதவுதான் ஞாபகம் வரும்.

நிலக்கரிச் சுரங்கத்துக்குள் காற்றோட்டத்துக்காக அங்கங்கே கதவுகள் இருந்தன. வண்டி வரும்போது திறக்க வேண்டும், போனதும் உடனே மூட வேண்டும். மூடாவிட்டால் உள்ளே வாயு சேர்ந்து வெடிக்கும். இந்த வேலைக்குச் சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்தார்கள். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள்கூட இருந்தார்கள். நாள் முழுக்கத் தனியாக, இருட்டில்.

விக்டோரியாவுக்கு முடிசூட்டியது 1838 ஜூன் 28. ஆறே நாள் கழித்து, ஜூலை 4 அன்று, இங்கிலாந்தின் யார்க்ஷயரில் சில்க்ஸ்டன் என்ற ஊரில் இடி மின்னலோடு பெருமழை. ஹஸ்கர் சுரங்கத்திலிருந்த பிள்ளைகள் சரிவுப் பாதை வழியாக வெளியேறப் பார்த்தார்கள். ஓடை பெருகி உள்ளே பாய்ந்த வெள்ளம் அவர்களை அதே மாதிரியான ஒரு கதவோடு சேர்த்து அழுத்திவிட்டது. 26 பேர் செத்தார்கள். மூத்த பிள்ளைக்கு 17 வயது, கடைசிப் பிள்ளைக்கு 7.

அப்புறம்தான் விசாரணைக் குழு அமைத்தார்கள். 1842இல் அறிக்கை வந்தது. அந்தக் காலத்தில் நான் மனதார மதிக்கும் விஷயம் இதுதான்: பிள்ளைகளையே நேரில் கேட்டு, சொன்னதை அப்படியே எழுதி வைத்தார்கள். சாரா கூடர் என்ற எட்டு வயதுச் சிறுமி சொல்கிறாள்: விடிகாலை நாலு மணிக்குப் போவேன், சில நாள் மூன்றரைக்கே. விளக்கில்லாமல் இருக்க வேண்டும், பயமாக இருக்கும். வெளிச்சம் இருந்தால் சில சமயம் பாடுவேன், இருட்டில் பாட மாட்டேன், துணிச்சல் வராது.

என் மகளுக்கும் எட்டு வயதுதான். இதை என்னால் ஒரே மூச்சில் படித்து முடிக்க முடியவில்லை.

"அந்தக் காலத்தை இன்றைய கண்ணால் பார்க்கக் கூடாது" என்று சொல்வார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அறிக்கையைப் படித்துப் பதறியவர்கள் அந்தக் காலத்து மனிதர்கள்தான். சுரங்க முதலாளிகள் எதிர்த்தும், அதே ஆண்டு சட்டம் வந்தது: பெண்களும், பத்து வயது நிரம்பாத பையன்களும் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாது. குறைகள் நிறைய இருந்தன. கண்காணிக்க நியமித்தது ஒரே ஒரு ஆய்வாளரை. பெண்களின் கூலியை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்று வழி எதையும் அந்தச் சட்டம் காட்டவில்லை. ஆனாலும் ஒரு கோடு கிழித்தார்கள்.

அந்தக் கோடு நம் பக்கம் வரும்போது இடம் மாறியதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1878இல் பிரிட்டனின் தொழிற்சாலைகளில் பத்து வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஆனது. மூன்றே ஆண்டு கழித்து, 1881இல், இந்தியாவுக்கு முதல் தொழிற்சாலைச் சட்டம் போட்டார்கள். அதே அரசி, அதே முத்திரை. இங்கே வயது வரம்பு ஏழு. ஏழிலிருந்து பன்னிரண்டு வயது வரை நாளுக்கு ஒன்பது மணி நேரம் வேலை வாங்கலாம். அதுவும் நூறு பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டும்தான். சின்ன ஆலைப் பிள்ளைகளுக்கு அந்த ஏழு வயது வரம்புகூட இல்லை.