மருமகளுக்கு பி கிருமி என்று தெரிந்தால்

கர்ப்பகாலப் பரிசோதனையில் "பி கிருமி இருக்கு" என்று ரிசல்ட் வந்தால், ரங்கூனில் நம் வீடுகள் பலவற்றில் முதலில் மாறுவது அந்தப் பெண்ணின் தட்டு. அப்புறம் டம்ளர், பாய். "எங்கேருந்து வாங்கிட்டு வந்தாளோ" என்று பேச்சும் கிளம்பிவிடும். பார்க்கவே மனசு பொறுக்கவில்லை.

இந்த பி கிருமி, அதாவது ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சேர்ந்து சாப்பிடுவதால் ஒட்டாது. இரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத்தான் பரவும். 2015 கணக்கெடுப்பில் பர்மாவில் 6.5 சதவீதம் பேருக்கு இருந்தது. குழந்தைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்ந்ததே 2003இல்தான். இன்று பிள்ளை பெறும் பெண்கள் பலர் அதற்கு முன் பிறந்தவர்கள். அவர்களுக்கே பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம். இதில் யாரைக் குற்றம் சொல்வது?

வளைகாப்புக்கு நாள் குறிக்கும்போதே மாமியார்கள் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் தடுப்பூசி கிடைக்குமா? பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். பின்னாளில் ஈரல் சுருங்கலாம், புற்றுநோயும் வரலாம். குளிரில் வைத்துக் காக்க வேண்டிய ஊசி இது. தட்டோன் போன்ற ஊர்ப் பக்கம் வீட்டிலேயே பிரசவம் பார்ப்பவர்கள் மிட்வைஃபிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால்தான் நேரத்துக்குக் கிடைக்கும். கூடவே இம்யூனோகுளோபுலின் ஊசி (கிருமியை எதிர்க்கும் எதிர்ப்பொருளை நேராகவே உடம்பில் செலுத்துவது) கிடைத்தால் இன்னும் நல்லது. அம்மாவின் இரத்தத்தில் கிருமி அதிகமென்றால் கர்ப்பத்தின் 28ஆம் வாரத்திலிருந்து, கிருமியைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரை கொடுப்பார்கள். பால் கொடுக்கலாம், தடையில்லை. காம்பு வெடித்து இரத்தம் கசிந்தால் மட்டும், ஆறும்வரை அந்தப் பக்கம் வேண்டாம்.

பிள்ளை பிறந்ததும் எல்லாருடைய கண்ணும் தொட்டிலுக்குப் போய்விடுகிறது. தாயை மறந்துவிடுகிறோம். கர்ப்பத்தில் அடங்கியிருந்த எதிர்ப்புச் சக்தி பிரசவத்துக்குப் பின் மீளும்போது, சில பெண்களுக்கு ஈரல் திடீரென வீங்கும். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினாலும் அப்படி ஆகலாம். அவளோ சோர்ந்து கிடப்பாள், சாப்பாடு இறங்காது. "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்று லேகியம் கொடுப்போம். கண் மஞ்சளானால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுப்போம். 1988இல் சென்னையில் கீழாநெல்லியைச் சோதித்து நம்பிக்கை தரும் முடிவு வந்தது உண்மை. பிறகு நடந்த ஆய்வுகளில் அது நிலைக்கவில்லை. தயவுசெய்து அதை நம்பி டாக்டரைத் தள்ளிப்போடாதீர்கள். பிரசவத்துக்குப் பின் ஆறு மாதமாவது ஈரல் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள்.

கணவரும் மூத்த பிள்ளைகளும் கூட இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கிருமி இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட்டால் போதும். மருமகளை மட்டும் அனுப்பிவிட்டு ஆம்பளைகள் வீட்டில் உட்கார்ந்திருப்பதை இனியாவது நிறுத்துங்கள்.