முள்ளை முள்ளால்தான் எடுக்கணுமா?

போலீஸ் என்கவுன்டரில் சுட்டுக் கொன்ற செய்தி ஒன்றை நேற்று பகிர்ந்து, இது சரியில்லை என்று நான் எழுதியது மூன்றே வரி. வந்த பதில்களை ராத்திரி ஒரு மணி வரை படித்தேன். பாதிப் பேர் சொன்னது ஒன்றுதான்: "முள்ளை முள்ளால்தான் எடுக்கணும்."

காலில் குத்தியதை எடுத்ததும் இரண்டு முள்ளையும் தூக்கி எறிந்துவிடுவோம். சுட்ட துப்பாக்கியை யாரும் எறிவதில்லை. அது இடுப்பிலேயே இருக்கிறது. அடுத்தது யார் என்பதை வைத்திருப்பவர் முடிவு செய்கிறார்.

2019 டிசம்பர் 6 அன்று ஹைதராபாத் பக்கம், ஒரு பெண் கால்நடை மருத்துவரைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடிபட்ட நாலு பேரைச் சுட்டுக் கொன்றபோது போலீஸ் மேல் பூ தூவினார்கள். எனக்கும் அன்று சந்தோஷம்தான், மறைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையத்தின் அறிக்கை 2022-ல் வெளிவந்தது. கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், 10 போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. பூ தூவியவர்களில் எத்தனை பேர் அதைப் படித்தார்கள்?

"குற்றவாளியைத்தானே சுட்டாங்க?" குற்றவாளி என்று எப்படித் தெரியும்? போலீஸ் சொன்னதால். 2017-ல் குருகிராமில் பள்ளிக் கழிப்பறையில் ஏழு வயதுப் பையன் கொல்லப்பட்டான். அன்றைக்கே பள்ளி பஸ் கண்டக்டரைப் பிடித்தார்கள். அவரே ஒப்புக்கொண்டார் என்றார்கள். இரண்டு மாதத்தில் சிபிஐ வந்து அதே பள்ளியின் பதினோராம் வகுப்பு மாணவனைக் கைது செய்தது. கண்டக்டர் மேல் குற்றமில்லை என்று ஆனது. நடுவில் அவரைச் சுட்டிருந்தால் அதற்கும் கைதட்டியிருப்போம்.

எனக்குப் பத்து வயது இருக்கும். எங்கள் தெருவில் சைக்கிள் திருடினான் என்று ஒரு பையனை விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். தேங்காய் நார்க் கயிறு. மணிக்கட்டில் ரத்தம் கசிந்தது. "நான் இல்லண்ணே" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னான். என் அப்பாவும் ஒரு அறை விட்டார். மறுநாள் சாயங்காலம் சைக்கிள்காரரின் மச்சான் அதை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறார். அப்பா அன்று சாப்பிடவில்லை.

"கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுப்பாங்களே?" சரி, இழுக்கிறார்கள். நிர்பயா வழக்கில் தூக்கு நிறைவேற ஏழு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தத் தாயின் காத்திருப்புக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் கோர்ட் மெதுவாக நடக்கிறது என்றால் நீதிபதிகளை நியமிக்கச் சொல்லிச் சண்டை போடுவோம். துப்பாக்கியிடம் தீர்ப்பு கேட்டால் எந்தக் கோர்ட்டும் வேகமாகாது.

"உன் பொண்ணுக்கு நடந்தா இப்படிப் பேசுவியா?" இதைக் குடும்ப வாட்ஸப் குழுவில் கேட்டது என் பெரியப்பா மகன். அவளைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவன். அண்ணா, அவளுக்கு ஏதாவது ஆனால் நானே வெட்டப் போவேன், புத்தி பேதலித்துப் போகும். அன்றைக்கு என்னைப் பிடித்து நிறுத்த நீ வேண்டும். கத்தியை எடுத்துக் கையில் கொடுக்க இல்லை. இதைத்தான் குழுவில் எழுதினேன். நீ படித்துவிட்டாய், நீல டிக் தெரிகிறது. காலையிலிருந்து நீ ஒரு வார்த்தை பேசவில்லை.