தோல்வியே காணாத முதல் அணி யுவென்டஸ் அல்ல

2011-12 பருவத்தில் ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பட்டம் வென்ற யுவென்டஸ்தான், இத்தாலியின் சீரி ஆ கால்பந்துத் தொடரை அவ்வாறு முடித்த முதல் அணி என்று பரவிவரும் தகவல் தவறானது. 1978-79இல் பெரூஜா அணி 30 ஆட்டங்களில் 11 வெற்றி, 19 சமநிலை எனத் தோல்வியின்றி முடித்தும், அத்தனை சமநிலைகளால் புள்ளிகளை இழந்து, மூன்று முறை தோற்ற மிலானுக்கு அடுத்த இடத்தையே பெற்றது, பரிதாபம்தான். 1991-92இல் ஃபாபியோ கபெல்லோ பயிற்றுவித்த மிலான், 34 ஆட்டங்களில் 22 வெற்றி, 12 சமநிலையுடன் பட்டத்தையே வென்றது. அன்டோனியோ கோன்டே பயிற்றுவித்த யுவென்டஸுக்கு உரிய பெருமை, 38 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் இதை முதன்முதலாகச் சாதித்தது என்பதே. அவ்வாண்டு அந்த அணி எங்குமே தோற்கவில்லை என்று சிலர் சேர்த்துச் சொல்வதும் சரியன்று: 2012 மே மாதம் ரோமில் நடந்த, சீரி ஆவிலிருந்து வேறான கோப்பைத் தொடராகிய கோப்பா இத்தாலியாவின் இறுதியாட்டத்தில் நாப்போலி அதனை 2-0 என வீழ்த்தியது.