இறங்கும்போது தொடங்கும் சண்டை

சென்ற வாரம் ஓர் இரவு, வாடகைக் கார் வீட்டு வாசலில் வந்து நின்ற பிறகும் ஏறக்குறைய பத்து நிமிடம் நான் இறங்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். புறப்படும்போது செயலி காட்டிய தொகை ஒன்று; ஓட்டுநர் கேட்டது அதைவிடக் கால் பங்கு கூடுதல். "காலி வண்டியாத்தான் திரும்பணும் சார், பார்த்துப் போட்டுக் குடுங்க" என்று தணிவாகத் தொடங்கிய பேச்சு, "அதை ஏறும்போதே சொல்லியிருக்கணும்" என்று நான் குரலை உயர்த்தியதும் தடம் மாறிவிட்டது. அவர் வண்டியை அணைத்தார். நான் கதவின் பிடியில் வைத்த கையை எடுக்கவில்லை. இருவரும் சொன்னதையே திரும்பச் சொல்லி அலுத்த பிறகு, அவர் தம் கைப்பேசியைத் தாங்கியிலிருந்து கழற்றி என் பக்கம் நீட்டினார். என் திரையில் இருந்த கட்டணத்துக்கும், அந்தச் சவாரிக்காக அவருக்குச் சேரும் என்று அவர் திரை காட்டிய தொகைக்கும் இடையே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் காணோம். சண்டையை மறந்து இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வாடகைக் கார் ஓட்டுநர்களைப் பற்றிப் பயணிகளும், பயணிகளைப் பற்றி ஓட்டுநர்களும் எழுதும் பதிவுகளை நானும் படிக்கிறேன். ஒரு பக்கம் 'கொள்ளை', மறுபக்கம் 'அடாவடி'. இரு தரப்பிலும் உண்மை உண்டு என்று சொல்லி நழுவிவிடலாம். அது எனக்கு உவப்பானதன்று. என் கருத்து இதுதான்: இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை, ஒரே எண்ணைப் பார்க்க முடியாத இருவருக்கு இடையே நடப்பவை. அந்த எண்ணை நிர்ணயிப்பவர் வண்டிக்குள் இல்லாததால், இருப்பவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொள்கிறார்கள்.

ஒரே எண்ணை இருவரும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் புதிதன்று. ரோமாபுரிக் கட்டடக் கலைஞரான விட்ருவியஸ், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, சக்கரத்தோடு பல்சக்கரங்களை இணைத்து, வண்டி ஒரு மைல் ஓடியதும் ஒரு கூழாங்கல் கலத்துக்குள் விழும்படியான பொறியை விவரித்திருக்கிறார். பயணம் முடிந்ததும் கற்களை எண்ணினால் போதும். ஜெர்மனியின் ஃபிரெடரிக் வில்ஹெல்ம் குஸ்டாவ் ப்ரூன் 1891இல் உருவாக்கிய டாக்சிமீட்டர் தொலைவோடு நிற்காமல் கட்டணத்தையும் கணக்கிட்டது. கட்டணத்தைக் குறிக்கும் 'டாக்சா' என்ற இடைக்கால லத்தீன் சொல்லிலிருந்து அந்தக் கருவிக்குப் பெயர் வந்தது; கருவியின் பெயர் சுருங்கித்தான் வண்டியே டாக்சி ஆனது. விலையைக் காட்டும் கருவி வண்டிக்குப் பெயராகிவிட்டது என்பது, அன்றைய பயணிகளுக்கு எது பெரிய தலைவலியாக இருந்தது என்பதைச் சொல்கிறது. நியூயார்க்கில் முக்கால் மைல் தொலைவுக்கு ஐந்து டாலர் கேட்ட குதிரை வண்டிக்காரர் மீது கொண்ட கோபத்தில்தான் ஹாரி ஆலன் என்பவர் பிரான்சிலிருந்து கார்களைத் தருவித்து, மீட்டர் பொருத்தி, 1907இல் டாக்சி நிறுவனம் தொடங்கினார் என்பார்கள். ஒரு பேரப் பேச்சின் கசப்பு ஒரு தொழிலையே மாற்றியிருக்கிறது.

மீட்டர் வந்ததும் சண்டை ஓய்ந்துவிடவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். 'சூடு வைத்த மீட்டர்' என்ற சொல்லாட்சியே நம்மிடம் இருக்கிறதே! ஆனால் சூடு வைக்காத மீட்டரும் சந்தேகத்தைக் கிளப்பும் என்பதைப் பலர் அறிவதில்லை. பெரும்பாலான மீட்டர்களில் வண்டி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓடும்போது தொலைவும், அதற்குக் கீழே இறங்கும்போது நேரமும் கணக்கில் ஏறும். நெரிசலில் சக்கரம் அசையாமல் நிற்கையில் எண் மட்டும் ஏறுவதைப் பின்னிருக்கையிலிருந்து பார்க்கும் பயணிக்கு, தன் கண்ணெதிரிலேயே திருட்டு நடப்பதாகத் தோன்றும். ஓட்டுநருக்கோ அது தன் வாழ்நாளில் ஒரு பகுதிக்கான கூலி. உண்மையான தில்லுமுல்லு பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. சக்கரத்தின் சுற்றுகளை எண்ணித் தொலைவைக் கணிக்கும் மீட்டரோடு, அளவில் சிறிய டயரைச் சேர்த்துவிட்டால், அதே தொலைவுக்குச் சக்கரம் அதிகமாகச் சுற்றும், கட்டணமும் கூடும். அதனால்தான் பல ஊர்களில் மீட்டரைச் சோதித்து முத்திரை வைக்கிறார்கள்.

ஓட்டுநர்கள் ஏமாற்றுவதே இல்லை என்று நான் வாதிடப் போவதில்லை. ஏதென்ஸ் நகரில் 2010இல் ஆய்வாளர்கள் சிலர் 348 டாக்சிப் பயணங்களை மேற்கொண்டு சோதித்தார்கள். ஊருக்குப் புதியவர் என்று காட்டிக்கொண்டவரைச் சுற்றுவழியில் அழைத்துச் சென்றதும், கட்டண விகிதம் தெரியாத வெளிநாட்டவரிடம் தவறான கட்டணம் வசூலித்ததும் அதில் தெரியவந்தன. அவர்களுள் சிலர் பின்னர் நடத்திய மற்றொரு சோதனைதான் எனக்கு இன்னும் சுவையானது. 'ரசீது வேண்டும், அலுவலகத்தில் பணம் வாங்கிக்கொள்வேன்' என்று பயணி சொன்னபோது கூடுதல் கட்டணம் கேட்பது அதிகரித்தது. பணம் இவருடையது இல்லை என்றால் கூச்சமும் குறைகிறது. பயணியும் அந்த இடத்தில் அதிகம் முரண்டு பிடிக்க மாட்டார் என்ற கணக்கு ஓட்டுநருக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், என்னையும் சேர்த்து.

ஆனால் குற்றச்சாட்டும் ஊதிப் பெருகும். நியூயார்க் டாக்சி ஆணையம் 2010ஆம் ஆண்டு மார்ச்சில், நகருக்கு வெளியே செல்லும்போது மட்டும் பயன்படுத்த வேண்டிய உயர்ந்த கட்டணப் பொத்தானை நகருக்குள்ளேயே அழுத்தி, சுமார் 18 லட்சம் பயணங்களில் ஓட்டுநர்கள் அதிகம் வசூலித்ததாக அறிவித்தது. ஊரே கொதித்தது. இரண்டு மாதங்கள் கழித்துக் கணக்கைத் திருத்தியபோது அந்த எண்ணிக்கை சுமார் 2 லட்சத்து 86 ஆயிரமாகச் சுருங்கியது. அதுவும் குறைவான எண்ணிக்கை இல்லைதான். இருந்தாலும், ஆறில் ஐந்து பங்கு குற்றம் கரைந்துபோன செய்தி முதல் அறிவிப்பின் வேகத்தில் பரவியிருக்காது. 'டிரைவர் என்றாலே' என்று தொடங்கும் வாக்கியங்களை நான் கொஞ்சம் தயக்கத்தோடு படிப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

செயலி வந்தபோது, பேரமும் மீட்டரும் சேர்ந்து ஒழிந்தன என்று நானும் மகிழ்ந்தேன். ஏறுவதற்கு முன்பே தொகை தெரிந்துவிடுகிறதே, இனி எதற்குச் சண்டை? ஆனால் அந்த மீட்டர், தவறாக ஓடினாலும் சரியாக ஓடினாலும், இருவருக்கும் நடுவே ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதற்குரிய விகிதத்தை அரசு அறிவித்திருந்தது, அதைக் கண்ணாடியில் ஒட்டியும் வைத்திருந்தார்கள். இப்போது என் கையில் ஓர் எண், அவர் கையில் வேறோர் எண். தேவை கூடும் நேரத்தில் கட்டணமும் கூடும் என்று எனக்குச் சொல்கிறார்கள். அந்தக் கூடுதலில் ஓட்டுநருக்கு எவ்வளவு போகிறது என்பதைச் சொல்வதில்லை. மழை நாளில் இரட்டைக் கட்டணம் செலுத்திய பயணி, முன்னிருக்கையில் இருப்பவர் அந்த இரட்டையை வாங்கிக்கொண்டு மேலும் கேட்கிறார் என்று நினைத்துக் கொதிக்கிறார். வழக்கமான நாளைவிடச் சற்றே அதிகம் பெற்ற ஓட்டுநர், இந்த மழையில் ஐம்பது ரூபாயோ ஐந்து டாலரோ சேர்த்துத் தர இவருக்கு மனம் வரவில்லையே என்று நினைத்துக் குமைகிறார். இருவருமே தத்தம் திரையின்படி நியாயமானவர்கள்.

அன்று இரவு அந்த ஓட்டுநர் இன்னொன்றையும் சொன்னார். என்னை ஏற்றிக்கொள்ள அவர் நான்கு கிலோமீட்டர் காலியாக வந்திருந்தார். அந்த நான்கு கிலோமீட்டருக்கான எரிபொருள் அவருடையது, நேரமும் அவருடையது. செயலியின் கணக்கில் சவாரி தொடங்குவது நான் கடவுச்சொல்லைச் சொன்ன நொடியில்தான். இதை அறிந்த பிறகு, 'எங்க போகணும் சார்? கேஷா, ஆன்லைனா?' என்று கேட்டுவிட்டு வராமலே போகிறவர்கள் மீதிருந்த என் கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி அப்படியே இருக்கிறது. வர முடியாது என்றால் அவரே ரத்து செய்ய வேண்டும். நம்மையே ரத்து செய்யச் சொல்லி, இருந்த இடத்திலிருந்து நகராமல் வரைபடத்தில் ஒரு புள்ளியாக நின்றுகொண்டிருப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இரவில் தனியாகச் சாலையோரம் நிற்கும் பெண்ணுக்கு அந்த அசையாத புள்ளி கட்டணத்தைவிடப் பெரிய பிரச்சினை.

பயணிகளான நம் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். ஓர் இடம் என்று பதிவு செய்துவிட்டு, 'அப்படியே அந்தத் தெரு வழியாப் போங்க, ரெண்டு நிமிஷம்' என்று இறங்கி இருபது நிமிடம் காக்கவைப்பதை நான் செய்திருக்கிறேன். காத்திருப்புக் கட்டணம் ரசீதில் வந்தபோது வாடிக்கையாளர் சேவைக்குப் புகாரும் எழுதினேன். பணம் திரும்பி வந்தது. அது யாருடைய கணக்கிலிருந்து திரும்பியது என்று அப்போது யோசிக்கவில்லை. நட்சத்திர மதிப்பீடு ஓட்டுநருக்கு என்ன பொருள் தரும் என்பதையும் நாம் சரியாக உணர்வதில்லை. உணவு விடுதிக்கு மூன்று நட்சத்திரம் கொடுப்பது போல 'சுமார்' என்ற எண்ணத்தில் மூன்றைத் தொடுகிறோம். சராசரி ஒரு வரம்புக்குக் கீழே போனால் கணக்கு முடங்கிவிடும் ஏற்பாடுகளில், அந்தச் 'சுமார்' ஒரு வேலைநீக்கக் கடிதத்தில் இடப்படும் கையெழுத்துக்குச் சமம்.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் ஊபர் வழக்கில் ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாகக் கருத வேண்டும் என்று தீர்ப்பளித்தபோது சுட்டிக்காட்டிய காரணங்களுள் முதன்மையானது, கட்டணத்தை நிர்ணயிப்பது ஓட்டுநர் அல்லர், நிறுவனமே என்பதுதான். சட்டம் இதைக் கண்டுகொண்டுவிட்டது. பின்னிருக்கையில் இருக்கும் நாம்தான் இன்னும் ஓட்டுநரையே கடைக்காரராகக் கருதி விலை பேசிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2024இல் இயற்றிய சட்டம் இன்னும் நேரடியானது. பயணி செலுத்தியது எவ்வளவு, அதில் ஓட்டுநருக்குப் போனது எவ்வளவு என்பதை நிறுவனம் இருவருக்கும் தெரிவிக்க வேண்டும். நான் கேட்பதும் இவ்வளவுதான். கட்டணத்தைக் குறைக்கவோ கூட்டவோ சொல்லவில்லை. கமிஷன் வாங்கக் கூடாது என்றும் சொல்லவில்லை. செயலியை நடத்தவும் செலவு உண்டு. சவாரி முடிந்ததும் இரண்டு கைப்பேசிகளிலும் ஒரே ரசீது வர வேண்டும்: மொத்தம், ஓட்டுநர் பங்கு, நிறுவனத்தின் பங்கு, வரி, சுங்கம். அத்தோடு, காலியாகத் திரும்ப வேண்டிய தொலைவுக்குத் தனிக் கட்டணம் உண்டென்றால் அதை முன்பதிவு செய்யும்போதே காட்ட வேண்டும். வண்டி நின்ற பிறகு இருட்டில் கேட்கும்போது நியாயமான தொகையும் மிரட்டலாகத் தோன்றுகிறது.

இப்படி ஒரு ரசீது வந்தாலும் ஏமாற்றுபவர் ஏமாற்றுவார், வம்பு செய்பவர் வம்பு செய்வார் என்பது எனக்குத் தெரியும். கதவை ஓங்கிச் சாத்துபவருக்கும், போகிற வழியெல்லாம் கைப்பேசியில் உரக்கப் பேசிக்கொண்டே ஓட்டுபவருக்கும் எந்த ரசீதாலும் பயனில்லை. ஆனால் அன்று இரவு நாங்கள் போட்ட சண்டை வேறு வகை. அவருக்கு என் தொகை தெரியாது, எனக்கு அவர் தொகை தெரியாது. தெரிந்த பிறகு இருவருக்குமே குரல் எழவில்லை.

கடைசியில் அவர் கூடுதலாகக் கேட்டதில் பாதியைக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதில் திருப்தியும் தெரியவில்லை, கோபமும் தெரியவில்லை. வீட்டுக்குள் வந்து விளக்கைப் போட்டதும் செயலி ஒலியெழுப்பி, ஓட்டுநர் எப்படி என்று கேட்டது. ஐந்து நட்சத்திரங்கள், அவற்றின் கீழே தேர்ந்தெடுக்கக் குறைகள்: நடத்தை, வண்டியின் தூய்மை, ஓட்டிய விதம், வழி. கட்டணத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல அந்தப் பக்கத்தில் இடம் தேடினேன். 'ஓட்டுநர் கூடுதல் பணம் கேட்டார்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. எதையும் தொடாமல் மூடிவிட்டேன். மறுநாள் காலை அடுத்த சவாரிக்காகச் செயலியைத் திறந்தபோது, அதே கேள்வி மறுபடியும் முதலில் வந்து நின்றது.