பூங்காவில் கதைப் பாதை: தமிழ் வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கும் சேர்த்துப் பலகை வையுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கதைப் பாதை, அதாவது பூங்கா வழிநெடுகப் பலகைகளில் ஒரு படக்கதை, என்று பேச்செடுத்தாலே எல்லாரும் குழந்தைகளை மட்டும்தான் நினைக்கிறார்கள். பலகை முன்னால் நின்று வாசித்துக் காட்டப்போவது அப்பா, அம்மா, ஆயா, தாத்தா. 1860 முதல் இங்கே வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களில் இவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. வீட்டுப் பேச்சும் ஆங்கிலம். வெறும் தமிழ் எழுத்தோடு பலகை நட்டால் மூன்றாவது பலகையிலேயே குடும்பம் விலகிப் போய்விடும்.

முறை எளிது. 2007-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், மான்ட்பீலியரில் ஆன் ஃபெர்குசன் தொடங்கிவைத்தது. படக்கதையின் பக்கங்களைப் பிரித்து வழிநெடுக வைத்து, நடந்துகொண்டே வாசிப்பது. 15 பலகை போதும். இடைவெளி 15 முதல் 20 மீட்டர். மொத்தம் 300 மீட்டருக்குள் முடிந்தால் நாலு வயதுப் பிள்ளையும் தாங்கும். ஒரு பலகையில் நின்றால் அடுத்தது கண்ணில் பட வேண்டும். வளைவுக்குப் பின்னால் மறைந்தால் அம்புக்குறி உதவாது.

பலகைக்கு இரண்டு வாக்கியம், மிஞ்சினால் மூன்று. மேலே தமிழ், 48 புள்ளி (பாயின்ட்) எழுத்தளவில். அதன் கீழே அதே வரி ரோமன் எழுத்தில். அதற்கும் கீழே சிறிதாக ஆங்கிலமும் இங்குள்ள ஜூலு மொழியும், பூங்கா எல்லாருக்கும் பொதுவல்லவா. ரோமன் எழுத்து தமிழைக் கெடுக்கும் என்று சிலர் கோபப்படுவார்கள். நான் ஒப்பமாட்டேன். அந்த வரி இருந்தால்தான் தமிழ் வாசிக்காத அப்பா வாய்விட்டுச் சொல்வார். தமிழ் வகுப்புக்குப் போகும் மகள் "அப்படி இல்லப்பா" என்று மேலே உள்ள எழுத்தைத் தொட்டுக் காட்டித் திருத்துவாள். ஆனால் ழகரத்தை ஒரு பலகையில் ஒரு விதமாகவும் அடுத்ததில் வேறு விதமாகவும் எழுதினால் குழப்பம்தான். முதலிலேயே ஒரே முறையை முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடையில் வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்து பெரிதாக்கப் பதிப்பாளர் அனுமதி வேண்டும். புத்தகத்தையே பிரித்து ஒட்டுவதானால், தாளின் இரு பக்கமும் அச்சு இருப்பதால் இரண்டு பிரதி தேவை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் திறந்த உரிமத்தில் (யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்) தமிழ்க் கதைகள் கிடைக்கின்றன. கேப் டவுனின் புக் டாஷ் அமைப்பின் கதைகளையும் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர் பெயரும் உரிமமும் முதல் பலகையில் இருந்தாக வேண்டும்.

அதிகம் சறுக்குவது அச்சகத்தில். தமிழுக்குத் தயாராகாத மென்பொருளில் கோப்பைத் திறந்தால் கொம்பு இடம் மாறும். "கோழி" என்பது "ேகாழி" ஆகிவிடும். அச்சகத்தில் அதைக் கண்டுபிடிக்க ஆளிருக்காது. எழுத்துகளை வடிவக் கோடுகளாக மாற்றி பிடிஎஃப் ஆகக் கொடுங்கள். லாமினேட் செய்யும் முன் தமிழ் தெரிந்த ஒருவர் 15 தாளையும் வாசிக்கட்டும். சாதாரண இங்க்ஜெட் மை வேண்டாம். வெயிலில் சிவப்பும் மஞ்சளும் முதலில் போய், படம் நீலம் பூத்துவிடும். லேசர் அச்சு நிற்கும். தாளைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் லாமினேட் ஓரம் விடுங்கள். ஓரத்தை ஒட்ட வெட்டினாலும் ஆணிக்குத் துளை போட்டாலும் டர்பன் கோடை மழை அந்த வழியாகவே உள்ளே ஏறும்.

வாசிக்கும் முகம் தெற்கு பார்க்கட்டும். இங்கே நண்பகல் சூரியன் ஆண்டு முழுதும் வடக்கில்தான், அதனால் வெயில் குறைவாகப் படும். முன்விளிம்பு 60 முதல் 70 சென்டிமீட்டர் உயரம், மேல்முகம் சாய்வு: சிறு பிள்ளைக்கும் சக்கர நாற்காலிக்கும் அது சரிப்படும். உலோகக் கம்பம் வேண்டவே வேண்டாம், பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். மண்ணில் நட ஏற்ற எச்4 தரப் பதனிட்ட மரக்கம்பம் வாங்கி, அரை மீட்டர் ஆழத்தில் நடுங்கள். அடியைச் சுற்றிச் சரளை கொட்டாவிட்டால் புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பு கம்பத்தை அரித்துவிடும். சட்டத்தின் கீழ்ப்பக்கம் இரண்டு துளை வேண்டும், இல்லையேல் பிளாஸ்டிக் கண்ணாடிக்குள் ஈரம் வியர்க்கும். பழமரத்தடியைத் தவிருங்கள், குரங்குகள் தளர்ந்த ஓரத்தைப் பிடித்து உரித்துவிடும்.

பூங்காத் துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கும்போதே, கதை மாற்றவும் பழுது பார்க்கவும் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே கதை ஆறு மாதம் நின்றால் யாரும் திரும்பி வரமாட்டார்கள். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒன்று, ஃபீனிக்ஸ் பகுதியில் ஒன்று என்று வைப்பவர்கள் சட்டத்தை ஏ3 அளவில் ஒன்றுபோலச் செய்தால், அச்சுச் செலவில்லாமல் கதைத் தாள்களை இரண்டு பூங்காவும் மாற்றிக்கொள்ளலாம்.