ஒலிபெருக்கி வாங்குவதற்கு முன்னால்

போன சனிக்கிழமை இரவு ஒரு தம்பி கோல் எடுத்தார். நல்ல பிள்ளை, சின்ன வயதிலிருந்தே தெரியும். "அன்ட்டி, எங்க தொடர்மாடியில ஒரு சபை தொடங்கப் போறோம். சவுண்ட் செட் ஒண்ணு வாங்கணும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில எந்தக் கடையில குறைஞ்ச விலைக்கு எடுக்கலாம்?"

கடையின் பெயரை நான் சொல்லவில்லை. "கொஞ்சம் பொறுங்க மகன், எழுதி அனுப்புறேன்" என்று வைத்துவிட்டேன். எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது. இந்த வருடத்தில் இதே கேள்வியைக் கேட்ட மூன்றாவது ஆள் அவர் என்பதால் இங்கேயே போடுகிறேன்.

முதலில் ஒன்று. நான் புதிய கிறிஸ்தவ சபைகளுக்கு எதிரி இல்லை. தெருவுக்கு மூன்று சபை இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்பவர்கள் கொழும்பு எப்படி மாறிவிட்டது என்பதைப் பார்ப்பதில்லை. கொம்பனித்தெருவிலும் வனாத்தமுல்லையிலும் தோட்டம் என்று சொல்லும் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்த சனங்களை நகர அபிவிருத்தி அதிகார சபை கொண்டுவந்து மட்டக்குளியிலும் தெமட்டகொடையிலும் பன்னிரண்டு, பதினான்கு மாடிகளில் குடியேற்றியது. ஒரு வீடு 400 சதுர அடி அளவு. தண்ணீரும் கக்கூசும் வீட்டுக்குள்ளேயே வந்தன, அது பெரிய நன்மைதான். ஆனால் தோட்டத்தில் யாருக்குச் சீனி வருத்தம், யாருடைய மகன் வெளிநாடு போகக் காசு கட்டியிருக்கிறான் என்று எல்லாருக்கும் தெரியும். இங்கே நான்கு வருடமாக எதிர்க்கதவில் இருப்பவரின் பெயர் தெரியாது. சனம் இடம் மாறிவிட்டது, அவர்கள் போன கோயிலும் சபையும் பழைய இடத்திலேயே நிற்கின்றன. முழங்கால் தேய்ந்த ஓர் அம்மா, லிஃப்ட் பழுதான ஞாயிற்றுக்கிழமையில் ஒன்பதாம் மாடியிலிருந்து இறங்கி, ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய் கொடுத்து ஆராதனைக்குப் போய்வர வேண்டும். அவருக்குப் பக்கத்துக் கதவில் ஒரு சபை வேண்டும். அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

எங்களுடைய சபையைத் தொடங்க வேண்டும் என்று யாரும் திட்டம் போடவில்லை. 2020 ஒக்டோபர் கடைசியில் கொரோனாவுக்காக மட்டக்குளி, முகத்துவாரம் பக்கமெல்லாம் மூடப்பட்டபோது, ஆறாம் மாடியில் இருந்த ஐந்து குடும்பங்கள் பின்னேரம் ஆறு மணிக்கு அவரவர் வாசலுக்கு உள்ளே கதிரை போட்டு உட்கார்ந்தோம். கதவு திறந்திருக்கும், ஆள் வெளியே வரக்கூடாது. ஒருவர் சங்கீதம் வாசிப்பார். மற்றவர்கள் கொரிடோர் முழுக்கக் கேட்கிற மாதிரி ஆமென் சொல்வோம். அவ்வளவுதான்.

எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி ஒரு முஸ்லிம் குடும்பம். அந்த நாட்களில் அவர்களுடைய வாப்பா ஆஸ்பத்திரியில் காலமானார். கொரோனாவில் இறந்தவர்களை எரிக்கத்தான் வேண்டும் என்று அரசாங்கம் பிடிவாதமாக நின்ற காலம் அது. 2021 பெப்ரவரி கடைசியில்தான் அடக்கம் செய்ய விட்டார்கள். அந்த மகளுக்கு வாப்பாவின் முகத்தைப் பார்க்கவும் கிடைக்கவில்லை, ஒரு பிடி மண் போடவும் கிடைக்கவில்லை. அன்றைக்கு நாங்கள் ஜெபக்கூட்டம் வைக்கவில்லை. ஆறு மணிக்கு வழக்கம்போல கதிரைகளைப் போட்டோம், அவர்களுடைய கதவைப் பார்த்துத் திருப்பிப் போட்டோம். ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தோம். அந்த மகள் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே ஓதினார். எங்கள் சபையின் முதல் ஆராதனை எது என்று யாராவது கேட்டால் நான் அந்த ஒரு மணித்தியாலத்தைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஊர் திறந்தது. நாங்கள் ஒரு வீட்டு ஹோலில் கூடத் தொடங்கினோம். யாரோ ஒருவரின் உறவினர் கனடாவிலிருந்து காசு அனுப்பினார், உடனே ஒலிபெருக்கி வாங்கினோம். பன்னிரண்டு பேர், கையை நீட்டினால் அடுத்தவரின் தோளில் படுகிற அறை. யாருக்குக் கேட்கவில்லை என்று வாங்கினோம்? இப்போது யோசித்தால் காரணம் தெரிகிறது. நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று வெளியே இருப்பவர்களுக்குக் காட்ட ஆசைப்பட்டோம்.

கீழ் வீட்டில் துறைமுகத்தில் இரவு ஷிஃப்ட் செய்யும் ஓர் ஐயா இருக்கிறார், சிங்களவர். மூன்றாவது ஞாயிறு அவர் சாரத்தோடு மேலே ஏறி வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். "நங்கி, கொஞ்சம் கீழே வாங்க" என்று மட்டும் சொன்னார். போனேன். கட்டிலில் படுக்கை கலைந்து கிடந்தது. பக்கத்து ஸ்டூலில் ஒரு கிளாஸ் தண்ணீர். அதைக் கையால் காட்டினார். மேலே எங்கள் ஆட்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு தட்டுக்கும் அந்தத் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. சுவரில் கை வைத்துப் பார்த்தேன், சுவர் நடுங்கியது. அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. இரவு முழுக்கக் கொள்கலன்களோடு நின்றுவிட்டு வந்த மனிதர், கண் சிவந்திருந்தது.

அடுத்த கிழமை அந்தப் பெட்டியை விற்றோம். அன்றிலிருந்து இன்று வரை மைக் இல்லை, கீபோர்ட் இல்லை. ஒரு டம்போரின் இருக்கிறது, அதையும் மெதுவாகத்தான் தட்டுகிறோம்.

பெட்டிசன் போட்டது அவர் இல்லை, வேறு யாரோ. அது சில மாதம் கழித்து. ஓர் அலுவலர் வந்து, சபை நடத்த அனுமதிக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். இது பலருக்கும் நடக்கிறது, அதனால் விஷயத்தைத் தெரிந்து வைத்திருங்கள். 2008இல் மத விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது, புதிய வணக்கத்தலம் கட்ட முன் அனுமதி வேண்டும் என்று. அது கட்டடம் கட்டுவதைப் பற்றிப் பேசுகிறது. ஆனால் வீட்டில் நாலு பேர் கூடி ஜெபித்தாலும் அதையே கொண்டுவந்து காட்டுகிறார்கள். அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதே உறுப்புரை, 10ஆம், 14ஆம் உறுப்புரைகள் மற்றவர்களுக்கு உறுதிசெய்யும் உரிமைகளையும் சொல்லிவிட்டுத்தான் கொடுக்கிறது. தனியாகவோ சேர்ந்தோ, வெளியிலோ வீட்டுக்குள்ளோ வழிபட நமக்கு உரிமை உண்டு. இதை அந்த அலுவலரிடம் மரியாதையாகச் சொன்னோம். அவர் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தபோது கீழ் வீட்டு ஐயா மேலே வந்து, இவர்களால் எனக்குக் கரைச்சல் ஒன்றும் இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். அலுவலர் எதையோ எழுதிக்கொண்டு போனார். திரும்ப வரவில்லை.

எல்லா இடத்திலும் இப்படி முடிவதில்லை. இந்த நாட்டில் சத்தமே போடாமல் ஜெபித்தவர்களும் அடி வாங்கியிருக்கிறார்கள், வீட்டு ஜன்னல் உடைந்திருக்கிறது. அவர்கள் அயலவரோடு சரியாகப் பழகவில்லை என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அது அநியாயம், அநியாயத்தை அநியாயம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் சொல்வது நம் கையில் இருக்கும் பங்கைப் பற்றி.

அந்தப் பங்கில் எனக்கு அதிகம் வலிக்கிற விஷயம் அரிசிப் பொதி. 2022இல் எரிவாயு வரிசையிலும் பால்மா வரிசையிலும் சனம் நின்ற காலத்தில், வெளியிலிருந்து ஒரு சபை ஊழியர் எங்களிடம் வந்தார். நூறு குடும்பத்துக்கு உலர் உணவு தருகிறேன், பொதியோடு ஒரு கைப்பிரதியும் வைத்து, கொடுக்கும்போது ஜெபித்து, போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார். எங்களுக்குள்ளேயே இரண்டு நாள் வாக்குவாதம். பசியில் இருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்ல நீ யார் என்று என்னைக் கேட்டவர்களும் உண்டு, அந்தக் கேள்வி நியாயமானது. பொதியை வாங்குகிறோம், பிரதியும் போட்டோவும் முடியாது என்று சொன்னோம். பொதி வரவில்லை. நாங்கள் விறகு அடுப்பில் கஞ்சி காய்ச்சினோம், கீழே வாகனம் நிறுத்தும் இடத்தில். யார் எந்த மதம் என்று கேட்கவில்லை, ஜெபமும் செய்யவில்லை. முஸ்லிம் வீட்டு மகள் தேங்காய் துருவினார்.

இது எங்கள் நல்ல பெயருக்கான விஷயம் மட்டும் இல்லை. 2003இல் மென்சிங்கன் திருச்சிலுவைக் கன்னியர்கள் தங்கள் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்கச் சட்டமூலம் கொண்டுவந்தபோது, உதவி செய்வதும் மதம் பரப்புவதும் ஒன்றாகச் சேர்வதைத்தான் உயர் நீதிமன்றம் பிரச்சினையாகப் பார்த்தது. மதத்தைப் பரப்பும் உரிமை அரசியலமைப்பில் உறுதிசெய்யப்படவில்லை என்றும் சொன்னது. அடுத்த வருடமே பலவந்த மதமாற்றத் தடைச் சட்டமூலம் நாடாளுமன்றத்துக்கு வந்தது. நிறைவேறவில்லை, ஆனால் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. அந்தத் தீர்ப்பில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் கஞ்சிக் கோப்பையை ஒரு கையிலும் அழைப்பிதழை மறு கையிலும் நீட்டினால், வாங்குகிறவர் எதற்குத் தலையாட்டுகிறார் என்று நமக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அப்படி வந்தவரின் விசுவாசத்தை நாமே கெடுத்தவர்களாகிவிடுவோம்.

அடுத்தது ஆடு திருட்டு, அதாவது பக்கத்துச் சபையின் ஆட்களை இழுத்துக்கொள்வது. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சொன்னால் பலருக்குக் கோபம் வரும். 2012 குடிசன மதிப்பீட்டில் நாட்டில் கிறிஸ்தவர்கள் 7.6 வீதம், அதில் 6.2 வீதம் கத்தோலிக்கர். மிச்சம் 1.4 வீதத்துக்குள் அங்கிலிக்கன், மெதடிஸ்த, பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகள் என்று நாம் அத்தனை பேரும் நிற்கிறோம். புதிய சபை வளர்ந்துவிட்டது என்று சாட்சி சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்தால் பாதிப் பேர் பக்கத்துச் சபையின் பாட்டுக்குழு. தொடங்குவதற்கு முன் அங்கே இருக்கும் பங்குத்தந்தையிடமும் போதகரிடமும் போய் முகத்தைக் காட்டுங்கள். நான் போனேன். அந்த ஃபாதர் பிளேன்டீ தந்து, "எங்க ஆட்கள் வந்தா என்ன செய்வீங்க?" என்று நேராகக் கேட்டார். "ஞாயிறு பூசைக்கு அனுப்பிவிட்டுப் பின்னேரம் வரச் சொல்வோம்" என்றேன். அதனால்தான் எங்கள் கூட்டம் இன்றைக்கும் ஞாயிறு நாலு மணிக்கு.

காசு. நான் முப்பது வருடம் கணக்கு எழுதிப் பிழைத்தவள், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பதிவில்லாத சிறிய குழுவுக்குச் சபையின் பெயரில் வங்கிக் கணக்கு திறப்பது கஷ்டம். அதனால் காணிக்கை முதலில் பாஸ்டரின் சொந்தக் கணக்குக்குப் போகிறது, தற்காலிகம்தான் என்று. பல சபைகள் உடைந்தது வசனத்தால் இல்லை, அந்தத் தற்காலிகத்தால். எங்களில் இரண்டு பேர், ஒரே குடும்பத்தவர் இல்லாத இருவர், எல்லார் முன்னாலும் எண்ணுவோம். இருவர் பெயரில் கூட்டுக் கணக்கு. மாதக் கடைசியில் ஒரு தாளில் எழுதிக் கதவின் உள்பக்கம் ஒட்டுவோம். போன மாதம் வரவு 11,450. இன்சுலினுக்கு 4,000, ஒரு பிள்ளையின் வகுப்புக் கட்டணம் 2,500, தேயிலை, சீனி, பிஸ்கட் 1,380. மிச்சம் 3,570. வாடகை இல்லை, சம்பளம் இல்லை. திருவிருந்து கொடுக்க மாதத்துக்கு ஒருமுறை ஒரு போதகர் வருகிறார், அவர் பயணக் காசுகூட வாங்குவதில்லை.

முழு நேரப் போதகர் இல்லாமல் சபையா என்று கேட்பார்கள். 1687இல் கூலி ஆளைப் போல வேடம் போட்டு யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கிய யோசேப் வாஸ் அடிகளாரை நினைத்துப் பாருங்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடை செய்திருந்த காலம். இரவில் வீட்டுக்கு வீடு போய்ப் பூசை வைத்தார். அவர் வராத மாதங்களில் ஜெபத்தை நடத்தியவர்கள் அந்தந்த ஊரின் மூப்பர்கள், சாதாரண சனங்கள். 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் நின்றேன். நான் கத்தோலிக்கர் இல்லை, ஆனாலும் அழுதேன். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலும் அதே ஒல்லாந்தர் காலத்தில் ஒரு மண் கொட்டிலாகத் தொடங்கியது என்றுதான் சொல்வார்கள். 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அந்தக் கோயிலைப் பூட்டியிருந்த நாட்களில், மதம் பார்க்காமல் சனம் வெளியே மெழுகுவர்த்தியோடு நின்றதை நாம் எல்லாரும் பார்த்தோம்.

எங்கள் பிள்ளைகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் விட முடியாது. பாதிப் பேர் சிங்கள மொழிமூலம் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், வாசிக்கத் தடுமாறுவார்கள். போன வருடம் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி கீர்த்தனைகளைத் தன் கொப்பியில் சிங்கள எழுத்தில் எழுதி வைத்திருந்ததைக் கண்டேன். ழகரம் வரும் இடமெல்லாம் சிவப்புப் பேனையால் ஒரு புள்ளி, அங்கே நாக்கை மடக்க வேண்டும் என்று தனக்குத் தானே அடையாளம். இப்போது ஆராதனைக்கு முன் அரை மணித்தியாலம் தமிழ் எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறோம். கீழ் வீட்டு ஐயாவின் பேத்தியும் வருகிறாள், அவளுக்கு எழுத்து மட்டும்தான், பாட்டுத் தொடங்கும்போது இறங்கிப் போய்விடுவாள்.

நாங்கள் இன்னும் பதினான்கு பேர்தான்.

மகன், நீங்கள் இதை வாசித்தால் இந்த ஞாயிறு மூன்றரைக்கே வாருங்கள். லிஃப்ட் இந்தக் கிழமையும் வேலை செய்யாது, படியால் ஏற வேண்டும். ஐந்தாம் மாடியில் மெதுவாக நடங்கள், ஐயா நாலரைக்குத்தான் எழும்புவார். சவுண்ட் செட்டுக்குச் சேர்த்த காசை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதற்குப் பதிலாக, உங்கள் மாடியில் எத்தனை வீடு, எந்த வீட்டில் யார், யாருக்கு என்ன வருத்தம், யார் பகலில் தூங்குகிறவர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். தெரியாத கதவுக்கு நேரே வெற்றிடம் விடுங்கள், பரவாயில்லை. சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.