மொட்டையடிப்பதற்குப் பெயர் கவாத்து இல்லை

வாசல் மரத்தின் கிளை ஒன்று நேற்று ராத்திரி முறிந்து விழுந்தது. பெரிய காற்றுகூட இல்லை. நல்லவேளை, கீழே யாரும் இல்லை.

காலையில் முறிந்த இடத்தைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தொடைப் பருமன் கிளை, விரல் கனத்துக்குத்தான் மரத்தோடு ஒட்டியிருந்திருக்கிறது. உள்ளே கறுத்துப்போய், நகத்தால் கீறினாலே பொலபொலவென்று உதிர்கிறது. சில வருஷத்துக்கு முன் "உயரமா போகுது, ஆபத்து" என்று ஆள் வைத்து உச்சியை மொட்டையடித்தோமே, அதே வெட்டுவாய்.

இதற்குக் கவாத்து, அதாவது கிளைகளைப் பார்த்துக் கத்தரிப்பது, என்று பெயர் வைத்து, மொட்டையடித்தால் மரம் அடங்கிவிடும் என்று நம்புகிறோம். நடப்பது தலைகீழ். மரத்துக்குச் சாப்பாடு செய்வதே இலைதான். அத்தனையும் போனதும் சேமிப்பைக் கரைத்து, வெட்டுவாயைச் சுற்றிக் கொத்துக்கொத்தாகப் போத்து, அதாவது அவசரத்தில் முளைக்கும் புதுக்கிளை, விடுகிறது. இயல்பாக வளர்ந்த கிளையை, தண்டும் கிளையும் வருஷா வருஷம் ஒன்றன்மேல் ஒன்று பின்னிப் பிடித்திருக்கும். போத்துக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. மேலே அது மளமளவென்று கனக்கிறது, அடியில் வெட்டுவாய் அழுகுகிறது. பயந்து வெட்டினோம், நிஜமான ஆபத்தை நாமே வளர்த்தோம்.

அமெரிக்க வனத்துறையில் ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின்சாவால் நெடுக்குவாக்கில் பிளந்து பார்த்தவர். அவர் 1977-ல் விளக்கி எழுதிய விஷயம் இது: நம் தோலில் பட்ட காயம் மாதிரி மரத்தின் காயம் ஆறுவதே இல்லை. கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி, உள்ளேயே அடைத்துவிட்டு, மேலே புதுக் கட்டையால் மூடிக்கொள்கிறது. நாம் போடும் ஒவ்வொரு வெட்டும் மரம் சாகிறவரை அதற்குள்ளேயே இருக்கும்.

அதனால்தான் எங்கே வெட்டுகிறோம் என்பது இவ்வளவு முக்கியம். கிளை தண்டோடு சேருகிற இடம் மோதிரம் போட்ட மாதிரி புடைத்திருக்கும், தடவினாலே தெரியும். அந்தக் கழுத்தைத் தொடாமல், அதற்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். தண்டோடு வழித்துவிட்டால் சுவர் எழுப்புகிற இடமே போய்விடும். நீளமாகக் கட்டை விட்டால் அது செத்து, அழுகலுக்கு வழிவிடும். பெயிண்ட், தார் எதுவும் பூச வேண்டாம், அவை அழுகலைத் தடுப்பதில்லை.

பெரிய கிளை என்றால் மூன்று வெட்டு. முதலில் கழுத்திலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கம் பாதி. பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து முழுசாக. கடைசியில் மிச்சக் கட்டை. முதல் வெட்டை விட்டுவிட்டால் கிளை தன் பாரத்தில் தொங்கி, பட்டையைத் தண்டுவரை உரித்துக்கொண்டு இறங்கும்.

வேலைக்கு வருகிறவரிடம் ஒன்று கவனியுங்கள். அரிவாளை எடுக்குமுன் மரத்தைச் சுற்றி வந்து, பட்டுப்போன கிளை எது, எது எதோடு உரசுகிறது, எந்தக் கவட்டையில் பட்டை உள்ளே மடிந்திருக்கிறது என்று பார்க்கிறாரா? உயிருள்ள மரத்தில் ஆணிச்செருப்பு போட்டு ஏறுகிறவரும், ஒரே வருஷத்தில் கால்வாசிக்கு மேல் இலையை எடுக்கிறவரும் வேண்டவே வேண்டாம். மின்கம்பி பக்கத்தில் இருந்தால் அதற்கென்று பயிற்சி பெற்றவர் மட்டும்தான் ஏற வேண்டும்.

பக்கத்தில் இரண்டு வருஷக் கன்று ஒன்று நிற்கிறது. உச்சி இரண்டாகப் பிரிந்து, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு போகிறது. இன்று காலை கத்தரிக்கோலால் ஒன்றை எடுத்துவிட்டேன். வெட்டுவாய் என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.